சந்தனப் பொட்டும் ஐந்து வோல்ட்டும்

எண்பதுகளின் நடுவில் ஒரு கம்ப்யூட்டரை வீட்டிலேயே கட்டினேன். இன்று மேசை மேல் இருப்பதைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு பச்சைப் பலகை, பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் முளைத்த கறுப்பு ஐ.சி.க்கள், எண் தட்டப் பொத்தான்கள், சிவப்பாக ஒளிரும் ஆறு எழுத்துகள். அவ்வளவுதான். பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து, மெட்ராஸிலிருந்து பாகம் பாகமாக வரவழைத்து, எட்டு மாதம் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னோடு குடும்பம் நடத்தினேன். நிஜக் குடும்பமும் இருந்தது. பேகோபுரத் தெருவில் வாடகை வீடு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன் வேலை, கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத மனைவி. அவள் ஊருக்கு வெளியே அடி அண்ணாமலைக் கிராமத்தில் பிறந்தவள்.

ஆயுத பூஜை அன்று நான் டியூட்டியில் இருந்தேன். எக்ஸ்சேஞ்சில் ரேக்குக்கு ரேக் சந்தனமும் குங்குமமும் வைத்ததே நான்தான். வீட்டில் அவள் தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பொட்டு வைத்துவிட்டு, என் பலகைக்கும் வைத்திருக்கிறாள். தீக்குச்சி முனையால் தொட்டு, ஒவ்வொரு ஐ.சி.யின் முதுகிலும் கடுகளவு சந்தனம், அதன் நடுவே குங்குமம். எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் சுவிட்சைப் போட்டால் எழுத்து வரவில்லை. பிராசஸரைத் தொட்டேன், விரல் சுட்டது. மெமரி ஐ.சி. இரண்டும் அப்படியே. கம்ப்யூட்டரைப் பார்க்க ஆசையாக வந்திருந்த என் சீனியர் பக்கத்தில் நின்றார். எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

“ஈர சந்தனத்த கொண்டாந்து அப்பி வெச்சிருக்கா, பாருங்கண்ணே. பட்டிக்காட்டுல பொறந்தவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது” என்றேன். அவள் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவள் அந்த அறைக்குள் வருவதையே நிறுத்திவிட்டாள். பெருக்குவதுகூட வாசற்படியோடு நின்றுபோயிற்று. சாப்பாட்டிலோ மற்ற வேலைகளிலோ ஒரு குறையும் இல்லை. கேட்டதற்குப் பதில் வரும், தானாக ஒரு பேச்சும் வராது. கோபம் ஆறிவிடும் என்று நான் என்பாட்டுக்கு இருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான் அப்போது.

புது ஐ.சி.க்கள் வந்துசேரத் தை மாதம் ஆகிவிட்டது. சாயங்காலமானால் ஊரில் வோல்டேஜ் கம்மி என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். வெந்துபோன மூன்றையும் நெம்பி எடுத்தேன், மற்றவற்றையும் கழற்றினேன். காய்ந்த சந்தனத்தைப் பிரஷ்ஷால் துடைத்தேன். அது முதுகோடு நின்றிருந்தது, ஒரு காலில்கூட வழிந்திருக்கவில்லை. கால் நனையாமல் ஷார்ட் ஆக வழியே இல்லை.

ஐ.சி. எதுவும் இல்லாத வெறும் பலகைக்கு முதலில் கரண்ட் கொடுத்து, ஐந்து வோல்ட் சரியாக வருகிறதா என்று அளக்க வேண்டும். இந்த வேலையின் அரிச்சுவடி அது. பழுதானபோதே அளந்திருக்க வேண்டும், நான் அளக்கவில்லை. குற்றவாளி கையோடு கிடைத்த பிறகு விசாரணை எதற்கு?

மீட்டர் ஐந்து காட்டியது. பத்து வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் ரெகுலேட்டரைச் சும்மா விரலால் அசைத்தேன். ஊசி துள்ளிப்போய்ப் பத்தைத் தொட்டது. விட்டேன், ஐந்துக்கு வந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அதன் நடுக்காலில் ஈயம் பிடிக்கவே இல்லை, சுற்றிலும் மயிரிழை வட்டமாக விரிசல். நான் வைத்த சால்டர். ஐந்து மட்டுமே தாங்கும் ஐ.சி.க்களில் பத்தை விட்டு எரித்தது நான்தான்.

அந்தக் காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்தேன். ஆட்டியும் தட்டியும் பார்த்தேன், ஊசி அசையவில்லை. ஒவ்வொரு ஐ.சி.யாகச் சொருகி, ஒவ்வொரு முறையும் அளந்தேன். கடைசியில் பிராசஸர். ஆறு எழுத்தும் சிவப்பாக வந்து நின்றன. எட்டு மாதம் உழைத்தவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவமானமாக இருந்தது.

அடுப்படியில் அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சந்தனத்தால இல்ல. நான் வெச்ச சால்டர்தான் சரியில்ல. உன்மேல தப்பே இல்ல” என்றேன்.

அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அன்னிக்கு அவர வெச்சிக்கினு சொன்னீங்க. இன்னிக்கு யாரும் இல்லாதப்ப வந்து சொல்றீங்க” என்றாள்.

மூன்று மாதத்தில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. அன்று சாயங்காலமே சீனியரை வீட்டுக்கு அழைத்துவந்தேன். எழுத்து எரிவதைப் பார்த்து முதுகில் தட்டினார்.

“அண்ணே, அன்னிக்கு போனது சந்தனத்தால இல்லீங்க. என் சால்டர்தான். அவமேல அநியாயமா பழி போட்டுட்டேன்” என்றேன். அடுப்படிக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “சரி சரி, வீட்ல சமாதானம் ஆவணும்ல. இப்டித்தான் சொல்லணும்.”

“இல்லண்ணே, நெஜமாவே” என்று பலகையைக் கவிழ்த்துக் காலைக் காட்டினேன். இப்போது அதில் ஈயம் பளபளவென்று இருந்தது. அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்பக்கம் திரும்பி, “யம்மா தங்கச்சி, அடுத்த வருசம் இதுக்கு மட்டும் பொட்டு வெச்சிடாத” என்றார், ரொம்பப் பிரியமாக.

தப்பாகச் சொன்னதை ஒரே தடவையில் நம்பியவர், உண்மையைத் திருப்பித் திருப்பிச் சொல்லியும் நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.