மூன்று நல்ல கால்கள்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை, காலை ஒன்பது இருபது. இரவெல்லாம் பெய்த மழை விட்டு, குடை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாத தூறல். ஓசூரில் எங்கள் அடுக்குமாடியின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் நான்கு இரும்புக் கால்களின் தகட்டுத் தடிமனை அளக்க, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து ஒருவர் வந்திருந்தார்.

தொட்டி பத்தாயிரம் லிட்டர். நிரம்பினால் பத்து டன். அதற்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை. உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் ஓய்வுபெற்றவன் நான். கால்களிலிருந்து துருக்கறை வடிகிறது என்று ஏழு மாதம் கத்திய பிறகுதான் குடியிருப்போர் சங்கம் இந்த அளவெடுப்புக்கு ஒப்புக்கொண்டது.

கருவி உள்ளங்கையில் அடங்கும். இரும்பில் பசை தடவி முனையை அழுத்தினால், ஒலி உள்ளே போய்த் திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு தடிமனைக் காட்டும். வெட்ட வேண்டாம், துளைக்க வேண்டாம். புதிதில் ஆறு மில்லிமீட்டராக இருந்த சதுரக் குழாய்கள் நான்கிலும் ஐந்தே முக்காலுக்குக் குறையவில்லை. ஆனால் அவர் நான்கையும் நின்றபடியே, இடுப்பு உயரத்தில் அளந்தார். இடுப்பு உயரத்தில் தண்ணீர் தேங்குவதில்லை.

"அடியில பாருங்க தம்பி."

"அடி எங்க சார் இருக்கு? டைல்ஸுக்குள்ள போயிருச்சு. ஏனு ஆகல்லா சார், ஒண்ணும் ஆவாது."

உண்மைதான். எட்டு வருடங்களுக்கு முன் மாடி ஒழுகுகிறது என்று டைல்ஸ் பதித்தபோது, கால்களின் அடியையும் ஒரு சாண் உயரத்துக்குக் கலவை பூசி மூடிவிட்டார்கள். கலவைக்கும் இரும்புக்கும் நடுவே விரல் நகம் நுழையும் இடைவெளி. மழைநீர் அதில் இறங்கும். வெளியே வர வழியில்லை.

சங்கச் செயலாளர் மதுரைப் பக்கத்துக்காரர். "உடைக்காம பாக்குற டெஸ்ட்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? இப்ப உடைக்கணும்ங்கிறீங்க!"

"இரும்பை உடைக்காமன்னு சொன்னேன்."

"அப்ப டைல்ஸ் யாரு வீட்டுக் காசு?"

கூட நின்ற இருவர் சிரித்தார்கள். வந்தவர் பசையைத் துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

நான்கு இரவுகள் என் மனைவி பொறுத்தாள். "உங்களுக்குத் தூக்கமும் வரல, புலம்பலும் நிக்கல. போயி ஒடச்சுத்தான் தொலைங்களேன்" என்றாள்.

திங்கட்கிழமை நானே ஒரு கொத்தனாரை அழைத்துவந்தேன். எந்தக் கால் கெட்டது என்று தெரியாததால் நான்கின் அடியையும் உடைக்கச் சொன்னேன். அளப்பவரை மறுபடி வரவழைத்தேன். இம்முறை அவர் முட்டி போட்டார். மூன்று கால்களில் ஐந்தரை. மழைநீர்க் குழாய் ஓரத்திலிருந்த நான்காவதில் ஒன்று புள்ளி ஒன்பது. அதன் பின்பக்கத்தில் கருவி எண்ணே காட்டவில்லை. கம்பி பிரஷால் தேய்த்தார். பிரஷ் உள்ளே போய்விட்டது.

அதை மெல்ல வெளியே இழுத்தார். பிறகு, "சார், மொதல்ல தண்ணிய எறக்குங்க" என்றார்.

தொட்டியைக் காலி செய்து, முட்டுக் கொடுத்து, அந்தக் காலை மாற்ற இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் லாரித் தண்ணீர். லிஃப்டில் முதல்மாடிப் பெண் கேட்டார்: "நல்லாத்தான நின்னுட்டிருந்துச்சு அங்கிள், அத எதுக்கு நோண்டுனீங்க?"

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் செயலாளர் கணக்கைப் படித்தார். கெட்ட காலின் செலவு சங்கத்துடையது; அதில் தகராறில்லை. மற்ற மூன்றும் நல்ல கால்கள்.

"உடைச்சாத்தான எது கெட்டதுன்னு தெரியும்?" என்றேன்.

"சரிதான் சார். ஆனா நல்லா இருந்தத உடைச்சதுக்குச் சங்கம் எப்படிக் குடுக்கும்? ஆடிட்ல கேப்பாய்ங்கள்ல?"

வந்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். இரண்டாம் மாடிக்காரர் மட்டும் எழுந்து, புது டைல்ஸ் பழைய நிறத்திலேயே கிடைக்குமா என்று கேட்டார்.

நானாக அழைத்துவந்த கொத்தனாருக்கும், இரண்டாம் முறை அளந்ததற்கும், மூன்று நல்ல கால்களின் டைல்ஸுக்கும் சேர்த்து நான் கட்டியது எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.