ஜபிருவின் பின் மோட்டார்

புறங்கையை மோட்டாரின் மேல் வைக்கிறார் கண்மணி, குழந்தைக்குக் காய்ச்சலா என்று பார்ப்பதுபோல. முன் மோட்டார் வெதுவெதுப்பு. பின் மோட்டாரிலிருந்து கையை வெடுக்கென்று எடுக்கிறார். "இவனுக்குத்தானுங்க எப்பவும் கோவம்."

பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு மருந்துக் கம்பெனியில் மாத்திரைகளைச் சோதிப்பது அவர் வேலை. மற்ற நேரமெல்லாம் பக்கத்து ஊரான பிரிட்ஜ்வாட்டரில், வீட்டுக் கராஜில் விமானம் கட்டுகிறார். நூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் பயணிகளுக்காகச் செய்த ஃபார்மன் ஜபிரு விமானத்தின் சிறு மாதிரி அது. இறக்கை ஒரு கட்டில் நீளம். ஜபிரு என்பது நாரையின் பெயர். இது தொப்பை போட்ட நாரை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு எஞ்சின்கள், முன்னொன்று பின்னொன்றாக, முதுகோடு முதுகு ஒட்டி. பின்னால் இருப்பதற்குக் காற்று போதாமல் அன்றே சூடேறியது. கராஜிலும் அதே வியாதி.

"அழகான ப்ளேன யார் வேணா பண்ணலாங்க. பாவம், இத யாரும் சீண்டறதில்ல."

முதல் ஜபிருவில் பின் விசிறிகளைத் திருப்பி மாட்டிவிட்டார். முன்னும் பின்னும் இழுபட்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. இரண்டாவது பறந்தது. பின் மோட்டார் கருகிச் சோளக்காட்டில் விழுந்தது. இது மூன்றாவது. இதுவும் விழுந்தால் கராஜ் கணவர் திருமூர்த்தியின் காருக்கு. பனிக்காலம் முழுக்க வெளியே நின்ற காரின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிச் சுரண்டி அவர் வாங்கிய வாக்கு.

இம்முறை தயிர் டப்பாவை வெட்டி, பின் மோட்டாருக்குக் காற்றைத் திருப்பிவிட ஒரு மூக்கு வைத்திருக்கிறார்.

"பெரிய டப்பாவ வெட்டிட்டியா? ரசத்த எதுல ஃப்ரீஸ் பண்றது?" என்கிறார் திருமூர்த்தி.

"ரசம் பறக்காதுங்க."

ஞாயிறு காலை, மாதிரி விமான க்ளப்பின் மைதானம், கண்மணி கையில் ரிமோட். ஜபிரு புல்லில் குலுங்கி ஓடி, மனமில்லாததுபோல் எழுந்தது. ஒரு சுற்று. இரண்டு. போன தடவை கருகிய மூன்றாவது சுற்றில் மரங்களுக்கு மேல் சாய்ந்தது.

"கண்மணி, எறக்கிரு!"

"விழுந்தா உங்களுக்குத்தானுங்க கராஜ்?"

"கராஜ் கெடக்குது, நீ மேல பாரு!"

இன்னொரு சுற்றும் போய்விட்டுத்தான் இறக்கினார். சக்கரங்கள் ஒருமுறை துள்ளி நின்றன. கைதட்டியவர்களைத் தாண்டிப் போய்க் குனிந்து, பின் மோட்டாரில் புறங்கையை வைத்தார். சற்று நேரம் எடுக்கவேயில்லை. பிறகு, மூச்சிரைக்க வந்து நின்ற திருமூர்த்தியின் கையைப் பிடித்திழுத்து, அதே மோட்டாரின் மேல் வைத்து அழுத்திக்கொண்டார்.