கடற்காகங்களுக்கு ஒரு பொலிஸ் பதிவு

ரயில் போன பிறகு தண்டவாளத்திலிருந்து எழும் எண்ணெய் மணமும், அதற்கு அப்பால் கற்களில் காயும் பாசியின் மணமும் கலந்துதான் என் பன்னிரண்டாம் வயதின் விடுமுறைக் காலைகள் விடிந்தன. கொழும்பில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை ரயில் பாதையில் போய் முட்டும். பாதையைக் கடந்தால் கடல். மார்கழி, தை மாதங்களில் அங்குள்ள கருங்கற்களில் வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். அவற்றைப் பார்ப்பதும் பெயர் வைப்பதும்தான் எனக்கு வேலை. கையில் பைனாகுலருடன் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தமிழ்ப் பிள்ளையை அந்த யுத்த காலத்தில் யாரும் சும்மா விடமாட்டார்கள் என்பதால், கடவுள் தந்த இரண்டு கண்ணும் போதும் என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார்.

அந்த நாட்களில் எங்கள் பகுதியில் ஆள் நிறையாத வீடே கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள் முன்னறையிலும் விறாந்தையிலும் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இருந்தவர் அம்மாவின் கடைசித் தம்பி குகன் மாமா. கனடாத் தூதரகத்தில் நேர்முகத்துக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் பொலிசில் "பதிவு" வைக்கவேண்டும்: பெயர், நிரந்தர முகவரி, கொழும்புக்கு வந்த காரணம், திரும்பும் திகதி. முத்திரை குத்திய அந்தத் தாளை அப்பா ஒரு நீல மட்டைக் "கொப்பி"யில் ஒட்டி அலுமாரியில் வைத்திருந்தார். "சோறில்லாமல் ஒரு நாள் இருக்கலாம், பதிவில்லாமல் ஒரு மணித்தியாலம் இருக்கேலாது" என்பது அம்மாவின் வேதம். வாசலைத் தாண்டுபவர் யாரானாலும் "ஐசி வச்சிருக்கிறியே?" என்று அடையாள அட்டையைக் கேட்காமல் விடமாட்டார்.

எனக்கோ வேறு கவலை. வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் இந்தப் பறவைகளுக்கு மட்டும் பதிவில்லாமல் இருப்பது எந்த ஊர் நியாயம்? அப்பா வாங்கி மிஞ்சிய இன்னொரு நீலக் கொப்பியில் கோடு போட்டு, ஒன்றும் விடாமல் பதிந்தேன். காதோரம் கறுப்புப் புள்ளி வைத்த கடற்காகம் "காதுப்பொட்டன்". வந்த காரணம், சாப்பாடு. சிறு கற்களை அலகால் தள்ளி இரை தேடுபவர் "கல்லுப்புரட்டி". வந்த காரணம், கூலி வேலை. எப்போது பார்த்தாலும் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கடற்காகத்தின் மேல் எனக்கு இரக்கம் அதிகம். அதற்கு இப்படி எழுதினேன்: "ஒற்றைக்காலன். முன்பு காயப்பட்டவர். ஆறு பேருடன் வந்தார். நிரந்தர முகவரி, வடக்கு. வந்த காரணம், வைத்தியம்."

எழுதிய கொப்பியை நல்ல பிள்ளையாக அலுமாரியில், அப்பாவின் கொப்பிக்கு மேலேயே வைத்தேன்.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன், சனிக்கிழமை காலை, அப்பா புறக்கோட்டைக் கடைக்குப் போன பின், "செக்கிங்" வந்தது. ஒரு பொலிஸ் சார்ஜன்ட், துவக்கு ஏந்திய இரண்டு ஆமிக்காரர். பதற்றத்தில் அம்மா கைக்கு முதலில் அகப்பட்ட நீலக் கொப்பியை எடுத்து நீட்டினார். எங்கள் போதாத காலம், அந்த சார்ஜன்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தவர் ஒற்றைக்காலனில் நின்றார், முகம் மாறியது.

"இந்தக் காயக்காரன் எங்க? மற்ற ஆறு பேர் எங்க?"

சார்ஜன்ட் குகன் மாமாவைப் பார்த்து, "சேர்ட் போடு, ஸ்டேஷனுக்குப் போவம்" என்றார். ஸ்டேஷனுக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம். திங்கட்கிழமை தவறினால் கனடாவும் தவறும். என்னால் வந்த வினை என்று விளங்கியதும் சார்ஜன்டின் முன்னால் ஓடிப்போய் நின்றேன்.

"அது ஆக்கள் இல்ல சேர், பறவை! கல்லில நிக்குது, வாங்கோ காட்டுறன்!" என்று கத்தினேன்.

அன்று எங்கள் ஒழுங்கை கண்ட ஊர்வலம் போல் பிறகு ஒன்றைக் கண்டதில்லை. முன்னால் நான், பின்னால் கொப்பியுடன் சார்ஜன்ட், சேர்ட்டில் பொத்தானை மாற்றிப் பூட்டிய குகன் மாமா, அவருக்கு இருபுறமும் துவக்குகள், கடைசியில் "என்ர முருகா" என்றபடி ஹவுஸ்கோட்டுடன் அம்மா. ஜன்னல் திரைகள் எல்லாம் ஆடின. கடற்கரைக்குப் போனால், கற்களில் ஒரு காகம்கூட இல்லை.

நின்றோம். சார்ஜன்ட் மணிக்கூட்டைப் பார்த்தார். தெற்கே காலி நகர்ப் பக்கமிருந்து ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. அதன் சத்தத்தில் எங்கோ மறைவிலிருந்து எழும்பிய கூட்டம் கடலின் மேல் ஒரு வட்டம் அடித்து, எங்களுக்கு எதிரே வந்து இறங்கியது. ஏழு கடற்காகங்கள். அதில் ஒன்று, என் தெய்வம், ஒரு காலைத் தூக்கி வயிற்றுக்குள் செருகிக்கொண்டது.

"ஒற்றைக்காலன்" என்றேன்.

சார்ஜன்ட் பறவையைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். விரலால் ஏழு பேரையும் எண்ணினார். அந்த நேரம் பார்த்து ஒற்றைக்காலன் தன் இரண்டாவது காலை நிதானமாக இறக்கி ஊன்றி, முதற்காலால் தலையைச் சொறிந்தது. இரண்டு காலும் கல்லுப்போல இருந்தன. நாட்கணக்காக ஒரு கள்ளனுக்கு இரக்கப்பட்டிருக்கிறேன்!

"பொலிசுக்குப் பொய்த் தகவல்!" என்றார் சார்ஜன்ட். முதலில் சிரித்தது துவக்கு வைத்திருந்த இளைய ஆமிக்காரன்தான், பிறகு எல்லோரும். அம்மா மட்டும் மணலில் குந்திவிட்டார். உண்மையான கொப்பியை வீட்டில் பார்த்து, மாமாவை விட்டுவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை அவர் தூதரகத்துக்குப் போனார். சித்திரைக்கு முன் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்தார். என் முதுகில் அம்மா வைத்த அடி இரண்டையும் நான் நியாயமானவை என்றே இன்றும் கருதுகிறேன்.

இப்போது ஒழுங்கையின் முடிவில் அகலமான கடற்கரை வீதி, மாடிக் கட்டடங்கள், பறவைகள் வந்தாலும் அவற்றை நின்று பார்க்க வாகனங்கள் விடுவதில்லை. பொலிஸ் பதிவும் இல்லை. அது போனதற்கு யாரும் அழவில்லை.

போன வருஷம் குகன் மாமா முதல் தடவையாகத் திரும்பி வந்தார், நரைத்த தலையும் பெரிய பெட்டியுமாக. கால் நூற்றாண்டுக்கு மேல் காணாத தம்பிக்குக் கதவைத் திறந்த அம்மா, கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை.

"ஐசி வச்சிருக்கிறியேடா தம்பி?" என்றுதான் கேட்டார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. "ஓம் அக்கா" என்று கனடாக் கடவுச்சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தார். அவர் இங்கே நின்ற மூன்று வாரமும் அது அம்மாவின் தலையணைக்குக் கீழேதான் இருந்தது.