அடியில் கேட்பவர்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் தரையைத்தான் பார்க்கிறார். மரமா, சிமென்டா, வழுக்குமா, முன்பு தான் போட்ட பள்ளம் ஏதாவது தென்படுகிறதா என்று. அவருடைய வாத்தியமான டபுள் பேஸ், வயலினைப் பெரிதாக்கி நிமிர்த்தி வைத்தது போல, அவரைவிட உயரமாக இருக்கும். அதன் அடியில் ஓர் இரும்பு முள். ஊரிலுள்ள மேடைகளிலெல்லாம் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், அந்த முள் குத்திய பள்ளங்கள் இருக்கின்றன. ஒன்றைக் கண்டுவிட்டால் முகம் மலர்ந்து, "நம்ம இடம்" என்பார்.

பல ஊர்கள் சுற்றிவிட்டு வந்து அவர் வீட்டு மாடியில் குடியேறிய எனக்கு, என் உள்ளங்கால் வழியாகத்தான் அவர் அறிமுகமானார். பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், தரை மெல்ல அதிர்ந்தது. லாரி ஏதோ நிற்கிறதென்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். தெரு காலியாக இருந்தது; கீழ்வீட்டில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வரவேற்பு, சினிமா ஒலிப்பதிவு, நாடகம், ஹோட்டல் கூடம், பெரிய இசைக்குழு என்று எதையும் அவர் விட்டதில்லை. சவ ஊர்வலத்தில் மட்டும் வாசித்ததில்லை. "தூக்கிக்கிட்டு நடக்க முடியாதே. இல்லேன்னா அதையும் விட்டிருக்க மாட்டேன்." பற்பசை விளம்பரத்துக்கு மெட்டுப் போட்டிருக்கிறார். நாட்டிய நாடகங்களுக்கு இசை எழுதியிருக்கிறார். நல்ல மெட்டையெல்லாம் புல்லாங்குழலுக்கும் வயலினுக்கும் பங்கிட்டுவிட்டு, மிச்சத்தைத் தான் எடுத்துக்கொள்வார். பந்தியில் கடைசியாக உட்காருகிறவர் மாதிரி.

இசைப் பள்ளியில் அவர் சொல்லிக்கொடுப்பதும் அதையேதான்.

"பேஸ் கேக்கக்கூடாது, கண்ணு. இருக்கணும். நிறுத்தினாத்தான், ஐயோ எங்க போச்சுன்னு தேடணும்."

"ஃபிரிட்ஜ் மாதிரியா சார்?" என்றாள் ஒரு மாணவி.

"அதேதான். ஆனா ஃபிரிட்ஜுக்குத் தாளம் நிக்காது."

அவருடைய மனைவி தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னார்: "கல்யாணமான புதுசுல இவரு வாசிச்ச பாட்டு ரேடியோவுல வரும். ஓடி வந்து கூப்பிடுவாரு. எனக்குப் பாடறவங்க குரல்தான் கேக்கும். எங்கங்க நீங்கன்னா, அடியில கேக்குது பாருன்னு என் கையைப் புடிச்சு ரேடியோ மேல வைப்பாரு. என்னமோ குறுகுறுன்னும். இத்தனை வருஷமா இந்த மனுஷனைக் கையாலதாம்மா கேட்டுக்கிட்டிருக்கேன்."

நான் சிரித்தேன். அத்தையும் சிரித்தார். வாத்தியத்தின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவரும் சிரித்தார். ஆனால் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பேஸ் பாட, பியானோ தாங்கிப் பிடிக்க ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. எழுதி வெகுகாலமாயிற்று. ஒவ்வொரு வருடமும் பள்ளிக் கச்சேரிப் பட்டியலில் சேர்ப்பார். நேரம் போதவில்லை என்று தானே எடுத்தும் விடுவார். "ஒரு தடவை அவ காதால கேட்டாப் போதும்" என்றார் என்னிடம், மாடிப்படியில் வழிவிட்டு நின்றபடி.

இந்த வருடம் பியானோ டீச்சர் விடவில்லை. அவருடைய பழைய மாணவி. வாய் கொஞ்சம் நீளம். ஒத்திகையில் நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். பேஸ்தான் தனியாகத் தொடங்க வேண்டும். வில்லைத் தூக்கியவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்தார்.

"சார், நீங்கதான் ஆரம்பிக்கணும்."

"தெரியும்மா. நீ தலையாட்டு, ஆரம்பிக்கிறேன்."

"நான் எதுக்கு ஆட்டணும்? எழுதினது நீங்க."

ஒருவழியாகத் தொடங்கினார். மெட்டு ஏறியது. சற்றுத் தூரம் போனதும் கை தானாகக் கீழே இறங்கி, பியானோவின் இடது கை வாசித்ததையே வாசிக்க ஆரம்பித்தது. டீச்சர் நிறுத்தினார்.

"கீழ நான் இருக்கேன் சார், விழ மாட்டேன். நீங்க மேல போங்க."

"போறதுக்கு இன்னும் வயசிருக்கும்மா" என்றார். மறுபடி வாசித்தார், அதே இடத்தில் மறுபடி இறங்கினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருஷமும் எடுத்துடலாமா?" என்று கேட்டார். டீச்சர் மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினார்.

கச்சேரி மாலையில் அவருடைய கால்கள் பழக்கத்தில் பின்வரிசைப் பள்ளத்துக்கே போயின. டீச்சர் தொண்டையைக் கனைத்தார். அவர் வாத்தியத்தை அணைத்துத் தூக்கிக்கொண்டு மேடையின் முன்னால் வந்தார். அங்கே மரம் வழவழவென்றிருந்தது; ஒரு கீறல்கூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு முள்ளை ஊன்றினார்.

அத்தை முதல் வரிசையில், மேடையை ஒட்டி, அலுவலகச் சேலையோடு உட்கார்ந்திருந்தார். வில் உயர்ந்ததும் முன்னால் சாய்ந்து, உள்ளங்கையை மேடை விளிம்பில் பதித்துக்கொண்டார்.

அவர் அதைப் பார்த்தார். வில் அந்தரத்தில் நின்றது. பிறகு அதன் நுனியை மெல்ல அசைத்தார், கையை எடு என்பது போல. அத்தை கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டதும், பியானோ பக்கம் திரும்பாமலே வில்லை நரம்பில் வைத்தார்.