மழைக்கு முன்பா, பின்பா

கம்ப்யூட்டர் அறைக்குள் போகுமுன் கால் கழுவ வேண்டும் என்பது எங்கள் பள்ளியின் சட்டம். கரிசல் மண் அப்பிய பாதத்தைக் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிட்டு, ஈரக்காலோடு அந்த வழவழத் தரையில் நிற்கும்போது உள்ளங்காலில் ஏறும் குளிர்ச்சியும், பினாயில் வாடையோடு கலந்து வரும் புதுப் பிளாஸ்டிக் வாசனையும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டத்து எப்போதும்வென்றானுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் நடுநிலைப் பள்ளி அது. இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டு, கல்யாணப் பெண்ணைப் போலப் பொத்திப் பொத்தி வைத்திருந்தோம். ஏழாம் வகுப்பில் நாங்கள் நாற்பது பேர், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஆளுக்கு ஒரு கேள்வி.

கேள்விகள் ஒரு சி.டி.யில் இருந்து வந்தன. கேள்விக்குக் கீழே இரண்டு விடைகள் தெரியும். சரியானதை அமுக்கினால் கம்ப்யூட்டர் கைதட்டும், தப்பானதை அமுக்கினால் "டொய்ங்" என்று அடித்துவிட்டு, அதே கேள்வியை அடுத்த ஆளிடம் மறுபடி கேட்கும். அந்த டொய்ங்குக்கு நாங்கள் வைத்த பெயர் "கொட்டு". கைதட்டல் வாங்குவதற்காக, எந்தக் கேள்விக்கு மேல் விடை, எதற்குக் கீழ் விடை என்று கேள்வியைப் படிக்காமலே மனப்பாடம் செய்து வைத்திருந்த கெட்டிக்காரிகளில் நானும் ஒருத்தி.

என் பக்கத்தில் உட்காருகிறவள் சண்முகத்தாய். எங்களுக்கு "தாயி". அவளுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது; கேள்வியைப் படித்து, கண்ணை மூடி யோசித்து, அப்புறம்தான் அமுக்குவாள். பெரியவளாகிக் கோவில்பட்டியில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கப்போவதாக ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு புரட்டாசி மாத வெள்ளிக்கிழமை புதுப் பாடம் ஒன்று வந்தது. உழவர் விதைப்பது எப்போது? மழைக்கு முன்பா, மழைக்குப் பின்பா? தாயி அன்றைக்கு யோசிக்கக்கூட இல்லை, "முன்பு" என்று அமுக்கினாள். அவளுடைய அப்பா அந்த வாரம்தான் "புழுதி விதைப்பு" விதைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சீமையில் எல்லோரும் அப்படித்தான். மழை விழுந்துவிட்டால் கரிசல் காலை விடாது, மாட்டையும் விடாது; அதனால் "நாம போக முடியாத நேரத்துல விதை உள்ள கெடக்கணும்ட்டி" என்று என் அப்பாவும் சொல்வார், காய்ந்த புழுதியிலேயே உளுந்தையும் சோளத்தையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கம்ப்யூட்டர் கொட்டு வைத்தது, வகுப்பே சிரித்தது. தாயி நாற்காலியை விட்டு எழாமல், கம்ப்யூட்டர் பீரியடையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட கணக்கு டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், இதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்தது என்றார் டீச்சர்.

"அவிய நம்ம ஊருக்கு வந்து பாத்தாவளா?"

 அடுத்த ஆள் வரட்டும் என்றார் டீச்சர். அடுத்த ஆள் நான். அதே கேள்வி. எங்கள் வீட்டு விதையும் அப்போது புழுதிக்குள்தான் கிடந்தது. எனக்குப் பின்னால் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், மிச்சமிருந்ததோ ஒரே விடை. "பின்பு" என்று அமுக்கினேன். கம்ப்யூட்டர் கைதட்டியது. தாயி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவள் கால் கழுவவே இல்லை. வெளியே கிடக்கும் எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள். டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டார், நான் எத்தனையோ முறை கூப்பிட்டேன். என்னோடு சண்டையும் இல்லை, பேச்சும் குறையவில்லை. கம்ப்யூட்டரை மட்டும் தொடவில்லை. கோவில்பட்டி வேலையைப் பற்றியும் அவள் அப்புறம் யாரிடமும் பேசவில்லை.

இப்போது நான் அதே சீமையில் வாத்தியாரம்மா. கற்றல் கோட்பாடுகள் என்று எங்களுக்கும் பயிற்சி தந்தார்கள். பரிசு கொடுத்துப் பழக்குவது ஒரு வகை. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததன் மேல் புதியதைக் கட்டுவது இன்னொரு வகை. எந்த வகையை நம்புகிறோமோ அதற்குத் தக்கபடி கருவியைக் கையாள வேண்டும் என்றார்கள். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கண்ணசந்திருந்த நேரம் அது. தாயி நினைப்பு வந்து எனக்கு மட்டும் தூக்கம் போய்விட்டது.

போன புரட்டாசியில் ஸ்மார்ட் போர்டில் உழவுப் பாடம் நடத்தும்போது அதே கேள்வியை என் பிள்ளைகளிடம் கேட்டேன். ஒருத்தராவது "முன்பு" என்பார்கள் என்று காத்திருந்தேன். எல்லாரும் ஒரே குரலில் "பின்பு" என்றார்கள். பாதிப் பேர் வீட்டில் இன்று நிலம் இல்லை, இருக்கிற நிலத்திலும் பலதில் கரண்டு எடுக்கும் காற்றாடியும் சோலார் தகடும் நிற்கின்றன. தப்பாகச் சொல்வதற்குக்கூட அந்த வகுப்பில் ஆள் இல்லை.

போனைப் போர்டோடு இணைத்துத் தாயியை வீடியோவில் கூப்பிட்டேன். குளத்தூர்ப் பக்கம் வாக்கப்பட்டுப்போனவள், அன்றைக்கு விதைப்பில் நின்றாள். முகமெல்லாம் புழுதி. விதை காய்ந்துபோகாதா என்று ஒரு பையன் கேட்டதும், விரலால் மண்ணைக் கீறி உளுந்தை எடுத்துக் காட்டினாள். இன்னும் ஈரம் தெரியாததால் அது சும்மா கிடக்கிறது, நல்ல மழை பெய்தால்தான் முளைக்கும் என்றாள். பிள்ளைகள் விடாமல் கேட்டார்கள், அவள் விடாமல் சொன்னாள். ஒரு வழியாக அவர்கள் ஓய்ந்ததும், அன்றைக்குத் தெரிந்தேதான் மாற்றி அமுக்கினேன் என்று அவர்கள் முன்னாலேயே அவளிடம் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி" என்றாள் தாயி. "நீயும் முந்தின்னு அமுக்கியிருந்தா ரெண்டு பேரையும் சேத்துச் சிரிச்சிருப்பாவ, அவ்வளவுதான. எனக்குத் தொணைக்கு ஒரு ஆள் இருந்திருக்கும்."

பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.