கொதித்த தண்ணீரும் கறுத்தது

எண்பதுகளின் நடுவில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நான் டிரெசராக இருந்தேன். புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பேன். கூடவே ஒரு சண்டையும் நடத்திக்கொண்டிருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குக் குடிதண்ணீர் ஓடையிலிருந்து வந்தது. பார்க்கத் தெளிவாக இருக்கும். குடித்த பிள்ளைகளுக்கு வயிறு போகும். கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாலு வருஷம் கத்தினேன். "கொதிச்ச தண்ணி சப்புன்னு இருக்கு லா" என்பார்கள். கடைசியில் லயத்து இருபது வீடுகளும் வழிக்கு வந்தன. எல்லோருக்கும் முன்னால் வந்தது மருந்தகத்துக்கு மேலே மேட்டில் இருந்த என் வீடுதான். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை ஊதி ஊதி என் மனைவி தினமும் இரண்டு பானை கொதிக்க வைப்பாள்.

அந்தச் சமயத்தில் கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சிக்கார அம்மா ஒருவர் வந்தார். தோட்டத்துத் துரை அவருக்கு மருந்தகத்தின் பின்னறையைக் கொடுத்தார். அவர் கேட்டது தேயிலை இலையைத் தின்னும் தடித்த புழுக்கள், உயிரோடு. "புழுவுக்கெல்லாம் ஆராய்ச்சியா? எங்களக் கடிக்கிற அட்டையப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் கேலி செய்தார்கள். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த அம்மா புழுவின் காலை ஊசியால் குத்தி, வெளிறிய மஞ்சள் இரத்தத்தைக் குழாயில் பிடித்து ஐஸில் வைப்பார். கிருமியுள்ள தண்ணீர் ஒரு சொட்டு அதில் விழுந்தால் சிறிது நேரத்தில் கறுத்துவிடும். புழுவுக்குக் காவலாக அதன் இரத்தத்திலேயே சில புரதங்கள் இருக்கின்றன, அவை கிருமியைக் கண்டுபிடித்ததும் இப்படி நடக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாலு வருஷமாக வாயால் சொன்னதை இனிக் கண்ணால் காட்டலாமே!

அவர் கம்போங் ராஜா பக்கம் போயிருந்த ஒரு மத்தியானம் பெண்களைக் கூப்பிட்டு மருந்தக வராந்தாவில் நிறுத்தினேன். ஐஸில் இருந்த இரத்தக் குழாய்களில் இரண்டை எடுத்து, ஒன்றில் ஓடைத் தண்ணீர் விட்டேன், இன்னொன்றில் என் வீட்டில் கொதிக்க வைத்தது. "பாருங்க, ஒண்ணுதான் கறுக்கும்" என்று சவால் வேறு விட்டேன். இரண்டும் கறுத்தன.

"ஐயையோ, ரெண்டும் கரியாப் போச்சே! அப்ப இத்தன வருஷமா எங்கள எதுக்கு விறகு சுமக்க வச்சீங்க ஐயா?"

ஒரே சிரிப்பு. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி ஓரமாக நின்று பார்த்தாள். தூக்குச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்த அந்த அம்மா என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டார். "யாரைக் கேட்டுத் தொட்டீங்க? கொதிக்க வச்சா கிருமி செத்துடும், ஆனா அதோட தோல் தண்ணியிலேயே கிடக்கும். இந்தப் புரதம் பிடிக்கிறது அந்தத் தோலைத்தான். உயிர் இருக்கா இல்லையான்னு பார்க்காது. அந்தத் தண்ணியை நீங்க தாராளமா குடிக்கலாம்."

மறுநாள் லயத்தில் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினேன். செத்த பாம்பைப் பார்த்தாலும் நாய் குரைக்கும் இல்லையா, அது மாதிரி என்று விளக்கினேன். "ஆடத் தெரியாதவளுக்குத் தெரு கோணலாம்" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். பரவாயில்லை, மூன்றே நாளில் இருபது அடுப்பிலும் பானை ஏறிவிட்டது.

சில வாரம் கழித்து என் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று வயது. என் மாத்திரைக்கு அடங்கவில்லை. தோட்டத்து லோரியில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டைபாய்டு என்றார்கள். பிள்ளை கண் திறக்காமல் கிடந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெளிய எங்கடி தண்ணி குடிக்க விட்ட?"

"எங்கயும் இல்ல. வீட்டுத் தண்ணிதான். அன்னிக்கு ரெண்டும் கறுத்துச்சே, அதுலேருந்து நான் கொதிக்க வைக்கல."

வீட்டில் நான் குடிப்பது தேத்தண்ணி மட்டும். எனக்கு எப்படித் தெரியும்?

"அறிவிருக்கா உனக்கு? அது செத்த கிருமிடி!"

அவள் பிள்ளையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. "லயத்துல இருபது கதவத் தட்டிச் சொன்னீங்களாம். நம்ம வீட்டுக்குள்ள தினமும்தானே வந்தீங்க?"



மகள் பிழைத்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்த அன்று அடுப்பை நான் மூட்டினேன். ஈரக் குச்சி, ஊத ஊதப் புகைதான் வந்தது, நெருப்பு வரவில்லை. இருமிக் கண் எரிந்து, ஒரு பானை கொதிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாலு வருஷமாக அவள் தினமும் இரண்டு பானை கொதிக்க வைத்திருக்கிறாள்.