எச்சரிக்கை விளக்கின்மேல் கறுப்பு டேப்

இன்று என் மகன் ஓட்டும் பூ லாரிக்கு எல்இடி ஹெட்லைட் மாட்டினோம். விளக்கு பளீரென்று எரிகிறது. ஆனாலும் பல்பு போனால் டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு அணையவே இல்லை. புது பல்பு கரண்ட் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டதென்று வண்டி ஏமாறுகிறதாம். அதற்குக் கரண்ட் இழுப்பைக் கூட்டிக் காட்டும் ரெசிஸ்டர் ஒன்றை வைக்க வேண்டும்.

ஹெட்லைட் மாட்டிய எலக்ட்ரீசியன் அதை வைக்கவில்லை. மஞ்சள் விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டான்!

“ஏலே, நாளைக்கு நெசமாவே பல்பு போனா என் மவனுக்கு எப்படிலே தெரியும்?”

“எதிர்ல வாரவன் சொல்லுவான் அண்ணாச்சி. பிடிக்கலைன்னா ஊரெல்லாம் சொல்லிக்கிடும்.”

டேப்பைப் பிய்த்து அவன் மேஜையிலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, இதோ ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

சங்கரன்கோவிலில் ரெசிஸ்டரை ஒழுங்காக வைப்பவர் யார்? எழுதிப் போடுங்கள். நானே படித்துக்கொள்வேன்!